ஆறுதல் சொல்லாத மேடம்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் படித்துவிட்டு, "மூணு இடத்துல எழுத்துப் பிழை இருக்கு" என்று மட்டும் சொல்லி அனுப்புவார். மற்றதை மறுக்க மாட்டார். எங்களுக்கு அவர் மேடம். முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்திருந்த பெயர்கள் அச்சில் ஏறக்கூடியவை அல்ல.

எங்கள் லேப் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், ஒரு பவுடர் கோட்டிங் பட்டறைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்க கம்ப்ரஸர் அடித்துக்கொண்டிருக்கும். மேலே நாங்கள் நான்கு பேர் ரத்தத்திலிருந்து செல்களைப் பிரித்துக்கொண்டிருப்போம். ஹெபடைடிஸ்-பி வைரஸ் சிலர் உடம்பில் புகுந்தால் வெளியே போவதே இல்லை. ஈரலில் வருடக்கணக்கில் குடியிருக்கும். அதை விரட்ட வேண்டிய டி செல்கள், அதாவது ரத்தத்தில் இருக்கும் காவல்காரச் செல்கள், சண்டை போட்டுப் போட்டு அலுத்து, ஒரு கட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அப்படி ஓய்ந்துபோன டி செல்களை எழுப்பிவிட ஒரு தடுப்பூசி. அது எழுப்புகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே மாடி ஏறி, ஹெல்மெட்டோடு நேற்றைய ரிஜிஸ்டரை நின்றபடி படிப்பார். தப்பு இருந்தால் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கண்ணாடி இறங்கியிருப்பதால் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். மற்றவர்களுக்கு அலாரம் அடித்துப் பொழுது விடியும், எங்களுக்கு இப்படி.

அவர் கை மட்டும் அபாரம். அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் மனுஷனே இல்லை. ரத்தத்தை மெஷினில் போட்டு அரை மணி நேரம் சுற்றினால், அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் நீர், நடுவில் பாலாடை போல மெல்லிய வெள்ளை வளையம் நிற்கும். அந்த வளையத்தில்தான் நமக்கு வேண்டிய செல்கள். மெஷின் நிற்கும்போது பிரேக் போடக் கூடாது, தானாக ஓய்ந்து நிற்க வேண்டும். பிரேக் போட்டால் வளையம் கலங்கிவிடும். அது ஓயும் வரை மேடம் பக்கத்திலேயே நிற்பார், யாரும் வாய் திறக்கக் கூடாது. நின்றதும் டியூபை எடுத்து, பிப்பெட் என்கிற உறிஞ்சு குழாயை வைத்து, ஒரே இழுப்பில் வளையத்தை மொத்தமாக எடுத்துவிடுவார். நாங்கள் மூன்று இழுப்பு இழுத்தும் பாதிதான் வரும்.

"செல்லுக்கு உன் மனசு தெரியாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. டிரெயின் லேட், மேடம். செல்லுக்கு உன் மனசு தெரியாது. காய்ச்சலோடு வந்தேன், மேடம். செல்லுக்கு உன் மனசு தெரியாது. எங்களோடு வேலை பார்த்த செல்விக்கு அப்பா இறந்து, பதினோராம் நாள் முடித்து வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மைக்ராஸ்கோப் பார்க்க முடியுமா இந்தக் கண்ணோட? முடியலன்னா லீவ் போட்டுட்டுப் போ. தப்பா எண்ணிடாத" என்றார். அவ்வளவுதான் துக்கம் விசாரித்தது. செல்வி பாத்ரூமுக்குப் போய் அழுதாள். நான் வெளியே நின்று கதவைத் தட்டி, "விடு, அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுல ஈரமே கெடையாது" என்றேன். அந்த நாட்களில் ஆறுதல் சொல்வது என் வேலை என்று எனக்கொரு நினைப்பு. நன்றாகவும் சொல்வேன், ஊரே மெச்சும்.

இப்படி ஒருவர் இருந்தால் கதை கட்டாமல் இருக்க முடியுமா? அவர் அண்ணன் இதே வியாதியில் செத்துப்போனார், அதனால்தான் கல்லாகிவிட்டார் என்று நாங்களே ஒன்றைக் கட்டி, நாங்களே நம்பினோம். ஒருநாள் தயிர்சாத டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் தைரியமாகக் கேட்டுவிட்டேன்.

"எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்ல. எங்கப்பா ஆவடி ஃபாக்டரில ரிடையர் ஆகி, இன்னும் நல்லா சாப்பிட்டுத் தூங்கறார். கதை வேணும்னா சினிமாவுக்குப் போ" என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு தப்பு செய்தேன். செம்பரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மாவிடம் ரத்தம் எடுத்தோம். நரம்பே கிடைக்காமல் இரண்டு கையிலும் நான்கு இடத்தில் குத்தி, கடைசியில் கிடைத்தது. அதை நான் பத்திரமாக ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். நான் முன்பு இருந்த லேபில் எல்லாமே ஐஸில்தான் போகும். டி செல்லுக்கு ஐஸ் ஆகாது, அறைச் சூட்டில் வர வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்தவுடன் மேடத்தின் படித்த தமிழ் காணாமல் போய் ஆவடி வந்துவிட்டது.

"இன்னாடா பண்ணி வச்சிகீற?"

பிறகு அமைதியாகப் போனை நீட்டி, ஸ்பீக்கரில் போட்டார். "அந்தம்மாவுக்குப் பேசு. உங்க ரத்தத்தை நான் வீணாக்கிட்டேன்னு சொல்லு. 'மெஷின் ரிப்பேர்'னு சொன்னா இன்னைக்கே வேலை போச்சு."

சொன்னேன். குரல் நடுங்கியது. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பரவால்ல நைனா, இன்னொரு தபா வர்றேன். இந்த வாட்டி இடது கையில எடுத்துக்கோ, வலது கை வீங்கிகினு கீது" என்றார். மேடம் போனை வாங்கிக் கட் செய்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவரை நான் வெறுத்தது போல வேறு யாரையும் வெறுத்ததில்லை.

டில்லிபாபு எங்கள் லிஸ்டில் நாற்பத்தொன்றாம் நம்பர். ஆவடி – பூந்தமல்லி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், பட்டாபிராமில் வீடு. மனைவியின் பிரசவத்துக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்தான் அவருக்கு வைரஸ் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து தினம் ஒரு மாத்திரை. அந்த மாத்திரை வைரஸை ஒழிக்காது, அடக்கி மட்டும் வைக்கும். தடுப்பூசி ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் எல்லோரும் மாத்திரையை நிறுத்தாமல் போட்டுக்கொண்டுதான் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது முதல் விதி. ஊசியிலும் யாருக்கு நிஜ மருந்து, யாருக்கு உப்புத் தண்ணீர் என்பது எங்களுக்கும் தெரியாது.

ஆவடிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில்தான் ஊசியும் ரத்தமும். மாதம் ஒருமுறை மேடமும் நானும் போவோம். டில்லிபாபு வந்தாலே அந்த அறை களை கட்டிவிடும்.

"இன்னா சார், நம்ம செல்லு முழிச்சிகிச்சா? இல்ல இன்னும் கொறட்டை வுட்டுகினு கீதா?"

நான் சிரிப்பேன். மேடம் சிரிக்க மாட்டார். "முழிச்சாலும் தூங்கினாலும் உங்களுக்கு ஒண்ணும் மாறப்போறதில்ல. மாத்திரையைப் போடுங்க."

"இன்னாமா நீ, ஒரு வார்த்த நல்லதா சொன்னா கொறஞ்சா பூடுவ?"

"மாத்திரையை நிறுத்தினா செத்துடுவீங்க. இதுதான் நான் சொல்ற நல்ல வார்த்தை."

அவர் முகம் சுருங்கிப்போனது. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, "இன்னா சார் இது, இப்டியா மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்க" என்றார். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

விஷயம் என்னவென்றால், டில்லிபாபு வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மாமியார் ஏற்பாடு. குழந்தைக்கு முத்தம் கொடுக்கவும் விடமாட்டார். இதைக் கேட்டதும் மேடம், "தட்டுல டம்ளர்ல எல்லாம் இது பரவாது. உங்க பொண்ணுக்குப் பிறந்தப்பவே தடுப்பூசி போட்டாச்சு. உங்க வீட்டுல இருக்கறவங்களுக்குப் புத்தி இல்ல" என்றார். அதையே ஒரு தாளில் எழுதி, மருத்துவமனை டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். மாமியார் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் தினம் எதற்கு மாத்திரை என்று கேட்டாராம். தாளை விட மாத்திரை அவருக்குப் பெரிய சாட்சி.

எஸ்டேட் வாசலில் டில்லிபாபு சாயங்காலம் எனக்காக நிற்க ஆரம்பித்தார். என் வீடு பருத்திப்பட்டில். ரூட்டை விட்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவார். காசு கொடுத்தால் கோபம் வரும். ஆறாம் மாதத்து ரத்தம் எடுத்த வாரம் அவருடைய பிளேட்டை நான்தான் பார்த்தேன். பிளேட் என்பது தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. செல்களை அதில் ஊற்றி வைரஸின் துணுக்குகளைக் காட்டினால், விழித்துக்கொண்ட ஒவ்வொரு டி செல்லும் ஒரு புள்ளி வைக்கும். முதல் மாதம் நாற்பத்தொன்றின் குழிகள் வெறுமையாகக் கிடந்தன. இப்போது எல்லாவற்றிலும் புள்ளிகள். எனக்குச் சிலிர்த்தது. மேடம் பார்த்தார், நோட்டில் எழுதினார், மூடினார். "ரிசல்ட்டை யார்கிட்டயும் பேசக் கூடாது. புள்ளி வந்தா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல" என்றார், வழக்கம்போல.

அன்று சாயங்காலமும் டில்லிபாபு ஆட்டோவோடு வாசலில் நின்றார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வண்டியை ஓரங்கட்டினார்.

"நேத்து பாப்பா பிஸ்கோத்த கடிச்சிட்டு பாதிய எனக்கு ஊட்ட வந்துச்சி சார். மாமியாரு புடுங்கி குப்பையில போட்டுச்சி. பாப்பா என்னிய பாத்து, 'அப்பா நீ அழுக்கா'ன்னு கேக்குது சார்."

மனசு தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். "முழிச்சிக்கிச்சு அண்ணாத்தே. நல்லாவே முழிச்சிக்கிச்சு. நானே பார்த்தேன்."

அவர் ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதார். பிறகு என் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் யாருக்கோ உயிர் கொடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே என்று அப்போது சொன்னேனா? சொன்னேன் என்றுதான் வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதைச் சொன்னால் அந்தச் சந்தோஷம் கெட்டுவிடும் என்று தோன்றியது.

அதன் பிறகு அவர் எஸ்டேட் பக்கம் வருவது குறைந்தது. வேறு ரூட், நல்ல வரும்படி என்று போனில் சொன்னார். ஆறு மாதம் முடிந்தவர்களுக்கு அடுத்த ரத்தம் மூன்று மாதம் கழித்துத்தான். வந்தபோது காலி மாத்திரை டப்பாவை விதிப்படி நீட்டினார். டப்பாவைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கண் இரண்டும் மஞ்சள் அப்பியிருந்தது. மேடம் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "எப்போ நிறுத்தினீங்க?"

அவர் டப்பாவைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அங்கேயே அட்மிட் செய்தார்கள்.

மூன்றாம் நாள் காலை மேடம் என்னைக் கூப்பிட்டார். "நாற்பத்தொண்ணுகிட்ட அறுபது எம்.எல். எடுத்துட்டு வா. மாத்திரை நின்னு வைரஸ் பெருகி, முழிச்ச டி செல் எல்லாம் ஈரல் மேல பாயுது. இந்த மாதிரி ரத்தம் திரும்பக் கிடைக்காது."

"மேடம், அவர் இருக்கற நிலைமையில..."

"டாக்டர்கிட்ட பேசிட்டேன், எடுக்கலாம்னுட்டார். அவரையும் கேட்டுட்டு எடு. வேணாம்னா வெறுங்கையோட வந்துடு."

போனேன். டில்லிபாபுவின் மனைவி மேகலா இளநீர் வாங்கக் கீழே போயிருந்தாள். வயிறு உப்பி, கை குச்சியாகிக் கிடந்தார். நான் டியூபுகளோடு நிற்பதைப் பார்த்ததும் தானே கையை நீட்டினார்.

"எடுத்துக்கோ சார். இன்னும் முழிச்சிகினுதான கீது?"

நான் தலையாட்டினேன்.

"நீ சொன்னத யாராண்டயும் சொல்ல மாட்டேன் சார். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா உன் வேல பூடும்."

அதற்கும் தலையாட்டினேன். ரத்தம் எடுத்தேன். மேகலா வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்பது மட்டுமே அப்போது மனதில் இருந்தது.

பிளேட்டில் புள்ளிகளை எண்ணவே முடியவில்லை. குழி குழியாகக் கறுத்துக் கிடந்தது. மேடம் நெடுநேரம் பார்த்தார். "நல்லா வந்திருக்கு. சுத்தமா பண்ணியிருக்கே" என்றார். நான் அங்கே வேலை பார்த்த காலம் முழுவதிலும் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருமுறைதான். இன்னும் கேவலம், அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மீதிச் செல்களைச் சின்னக் குப்பிகளில் பிரித்து உறைய வைக்கும் நைட்ரஜன் தொட்டியில் இறக்கினோம். அன்றிலிருந்து நான்காம் நாள் டில்லிபாபு இறந்துபோனார்.

பதினாறு முடிந்த பிறகு மேகலா லேபுக்கு வந்தாள். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்காமலே மேடத்தின் முன்னால் நின்றாள்.

"மாத்திரைய எங்கம்மா எதிர்லயே தூக்கிக் குப்பையில போட்டாரும்மா. சரியாயிட்சி, சொல்ட்டாங்கன்னாரு. மூணு மாசம் எங்க ஊட்ல எல்லாரும் ஒரே தட்டுல சாப்ட்டோம். யாரு சொன்னாங்கன்னு கேட்டா சிரிப்பாரு. இங்க இருந்துதான் யாரோ சொல்லிக்கீறாங்க. யாருன்னு மட்டும் சொல்லும்மா. சண்ட போட வர்ல. அவரு பொய் சொல்லலன்னு எங்கம்மாவாண்ட சொல்லணும், அவ்ளோதான். பொய் சொல்லி எல்லார் தட்டுலயும் கை வச்சிட்டான்னு அது தெருவெல்லாம் சொல்லிகினு திரியுது."

மேடம் எங்கள் பக்கம் திரும்பினார். செல்வியைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். என்னைப் பார்த்தார்.

"நீ சொன்னியா?"

"இல்ல மேடம்."

குரல் நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேடம் மேகலாவிடம் திரும்பினார். "இங்க யாரும் சொல்லல. உங்க வீட்டுக்காரர்தான் பொய் சொல்லியிருக்கார். நிறுத்தினா செத்துடுவீங்கன்னு நானே அவர்கிட்ட நேரா சொன்னேன். அப்படியும் நிறுத்தினார்."

"பொய் சொல்ற மன்ஷன் இல்லம்மா அவரு."

"பொய் எல்லாரும் சொல்வாங்க" என்றார் மேடம்.

 முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படி இறங்கத் திரும்பிய மேகலா, என்னிடம் வந்தாள். "நீங்க ஒர்த்தர்தான் சார் அவருகிட்ட ஆறுதலா பேசுவீங்கன்னு சொல்வாரு. ஆட்டோல போசொல்லோ எல்லாத்தையும் உங்ககிட்டதான் சொல்லுவேன்னு சொல்லுவாரு. நல்லா இருங்க சார்."

அவள் படி இறங்க ஆரம்பித்தாள். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ விஷயம் அவருக்கு அதுவரை தெரியாது. நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். மேகலா அப்போது இரண்டு படிதான் இறங்கியிருப்பாள். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

"ஒவ்வொரு பிளேட்லயும் கண்டிப்பா புள்ளி வரும்னு தெரிஞ்ச ஒரு சாம்பிள் வைக்கணும் இல்ல, மத்ததை ஒப்பிட்டுப் பார்க்க? இனிமே அது நாற்பத்தொண்ணு" என்றார். "தொட்டியிலேர்ந்து நீதான் எடுக்கணும். வேற யாரும் தொடக் கூடாது."

கேட்டு ஒரு வார்த்தை இல்லை, திட்டி ஒரு வார்த்தை இல்லை. வேலையை விட்டும் தூக்கவில்லை. தூக்கியிருந்தால் அவரைத் திட்டிக்கொண்டே நிம்மதியாக இருந்திருப்பேன்.

இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்தேன். வாரா வாரம் வியாழக்கிழமை தொட்டியைத் திறந்து நாற்பத்தொன்றின் குப்பி ஒன்றை எடுப்பேன். உறைந்த செல்களைச் சட்டென்று உருக்க வேண்டும். உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீரில் குப்பியைப் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் உருகிவிடும். பிறகு நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். செத்த செல்கள் நீலமாகிவிடும். இவை நீலமாகா. உருண்டையாக, தெளிவாக, பளபளவென்று நிற்கும். மேடம் பின்னால் வந்து நிற்பார்.

"எப்படி இருக்கு?"

"எல்லாம் உயிரோட இருக்கு, மேடம்."

"சரி, ஊத்து" என்பார்.